சிங்கப்பூர்த் தமிழ் பற்றிய பேப்பரை எங்கே அனுப்பலாம்? ஏசிஎல், எல்ரெக், பயிலரங்கு, தமிழ் இணைய மாநாடு – ஓர் ஒப்பீடு

சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளில் வரும் ஆட்பெயர், இடப்பெயர், அமைப்புப் பெயர்களைக் கணினி தானாகவே கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகச் சில ஆயிரம் வாக்கியங்களை எடுத்து, ஒவ்வொரு பெயரையும் கையால் குறியிட்டு, ஏற்கெனவே இருக்கும் கணினி மொழி மாடல்களை அதில் ஓட்டிப் பார்த்து, முடிவுகளையும் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுச் செய்திகளில் பயிற்சி பெற்ற மாடல் தோ பாயோ, தெம்பனிஸ் போன்ற நம் ஊர் இடப்பெயர்களில் தடுமாறுகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) ஓர் அமைப்பின் பெயர் என்பது அதற்குத் தெரியவில்லை. நல்ல ஆய்வுதான். சரி, இதை எங்கே அனுப்புவது?

இங்குள்ள பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: முதலில் இந்தத் துறையின் பெரிய மாநாடான ஏசிஎல்லுக்குப் போடலாம், கிடைக்காவிட்டால் அடுத்ததற்கு, அதுவும் இல்லையென்றால் ஏதாவது பயிலரங்குக்கு. மாநாடுகளை ஓர் ஏணியாகப் பார்க்கும் பழக்கம் இது. தமிழ் பற்றிய ஆய்வுக்கு இந்தப் பழக்கம் நன்மை செய்வதில்லை என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வோர் இடத்திலும் உட்கார்ந்து படிப்பவர் வேறு, அவர் கேட்கும் முதல் கேள்வியும் வேறு. உங்கள் பேப்பரில் புதிதாக இருப்பது முறையா, தரவா, பயன்பாடா என்று முதலில் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பதில்தான் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

ஏசிஎல், ஈஎம்என்எல்பி, ஏஏசிஎல்: எல்லாவற்றுக்கும் ஒரே வாசல்

கணினி மொழியியலுக்கான சங்கமான ஏசிஎல் 1962இல் வேறொரு பெயரில் தொடங்கியது. அதன் பெரிய மாநாடுகள் நம் ஊருக்கே வந்திருக்கின்றன. 2009இல் சன்டெக்கில், சங்கத்தின் பெயரையே கொண்ட ஏசிஎல் மாநாடு நடந்தது, 2023 டிசம்பரில் செந்தோசாவில் அதன் இன்னொரு பெரிய மாநாடான ஈஎம்என்எல்பி நடந்தது. இப்படி வீட்டு வாசலுக்கு வருவது அபூர்வம். 2025இல் ஏசிஎல் வியன்னாவிலும், ஈஎம்என்எல்பி சீனாவின் சூசோவிலும், ஆசிய பசிபிக் கிளையின் மாநாடான ஏஏசிஎல் மும்பையிலும் நடந்தன.

முன்பெல்லாம் ஒவ்வொரு மாநாட்டுக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். 2021இல் ஏஆர்ஆர் என்ற பொது மதிப்பீட்டு முறை வந்தது. இப்போது பேப்பரை முதலில் அங்கே அனுப்புகிறோம். வழக்கமாக மூன்று மதிப்பீட்டாளர்கள் படிப்பார்கள், அவர்களுக்கு நாம் மறுமொழி எழுதலாம், பிறகு துறைப் பொறுப்பாளர் எல்லாவற்றையும் தொகுத்துத் தன் மதிப்பீட்டைத் தருவார். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் எந்த மாநாட்டுக்கு என்று முடிவு செய்கிறோம். மதிப்பீடு சரியாக அமையவில்லையா? திருத்தி, அடுத்த சுற்றில் மறுபடியும் போடலாம். அதே மதிப்பீட்டாளர்களே வேண்டும் என்றோ, காரணம் சொல்லி வேறு ஆட்கள் வேண்டும் என்றோ கேட்கவும் வழி இருக்கிறது. பொறுமை இருப்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு.

நீளக் கட்டுரைக்கு 8 பக்கம், குறுங்கட்டுரைக்கு 4 பக்கம். துணைநூல் பட்டியல் இதில் சேராது. ஆய்வின் வரம்புகளைச் சொல்லும் ஒரு பகுதி கட்டாயம், அதற்கும் பக்கக் கணக்கு இல்லை. அந்தப் பகுதி இல்லாத பேப்பர் மதிப்பீட்டாளர் கைக்கே போகாமல் திரும்பி வந்துவிடும். எழுதியவர் யார் என்று தெரியக்கூடாது. சிங்கப்பூர்த் தமிழில் வேலை செய்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் என்பதால் ‘எங்கள் முந்தைய ஆய்வில்’ என்று ஒரு சொல் போட்டாலே ஆள் தெரிந்துவிடும். பழைய வேலையைக் குறிப்பிடும்போது வேறு யாரோ செய்ததுபோல் எழுதுங்கள். மதிப்பீட்டுக்கு முன்பே பேப்பர்களை வெளியிடும் ஆர்கைவ் தளத்தில் முன்கூட்டியே போடுவதற்கு இருந்த ஒரு மாதத் தடை 2024 தொடக்கத்தில் நீக்கப்பட்டுவிட்டது, அதனால் அந்தக் கவலை வேண்டாம்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உங்களுக்குக் கிடைக்கும் மூன்று பேரில் ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாமல் போகவே வாய்ப்பு அதிகம். ‘ஏன் தமிழில் மட்டும் சோதித்தீர்கள், மற்ற மொழிகளுக்கு இது பொருந்துமா?’ என்று எழுதிவிடுவார்கள். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவரிடம் இந்தக் கேள்வி அவ்வளவாக வருவதில்லை. இது நியாயமில்லை என்று ஏஆர்ஆரே ஒப்புக்கொள்கிறது. ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியில் மட்டும் சோதித்தார்கள் என்பதைக் குறையாகச் சொல்லக்கூடாது என்று மதிப்பீட்டாளர்களுக்கான அதன் வழிகாட்டியிலேயே இருக்கிறது. அப்படி ஒரு மதிப்பீடு வந்தால் வழிகாட்டியின் அந்தப் பகுதியைச் சுட்டி முறையிடலாம். தயங்காமல் முறையிடுங்கள். நமக்குப் பின்னால் வரும் தமிழ்ப் பேப்பர்களுக்கும் அது உதவும்.

அதைவிட நல்லது, அந்தக் கேள்விக்கே இடம் தராமல் எழுதுவது. நம் பெயர் அடையாள ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘சிங்கப்பூர்த் தமிழுக்கு ஒரு தரவுத்தொகுப்பு உருவாக்கினோம்’ என்று தொடங்கினால் ஏசிஎல் வாசகர் ஆர்வம் காட்ட மாட்டார். ‘ஒரே மொழி, ஒரே எழுத்து, ஆனால் இரண்டு நாடுகள். ஒரு நாட்டின் வழக்கில் பயிற்சி பெற்ற மாடல் இன்னொரு நாட்டின் வழக்கில் எங்கே, ஏன் சறுக்குகிறது?’ என்று தொடங்கிப் பாருங்கள். அரபு, ஸ்பானியம், போர்ச்சுகீசு மொழிகளில் வேலை செய்பவர்களும் நிமிர்ந்து உட்கார்வார்கள், ஏனென்றால் அது அவர்களுடைய கேள்வியும்கூட. சறுக்கலுக்குக் காரணம் மலாய், சீன மூலமுள்ள இடப்பெயர்களா, வீவக போன்ற சுருக்கங்களா, எழுத்துக்கூட்டு வேறுபாடுகளா என்று பிரித்துக் காட்டிவிட்டால் அது முழுமையான ஏசிஎல் பேப்பர். அப்படிப் பிரித்துக் காட்ட உங்களிடம் சோதனைகள் இல்லையென்றால், அந்த வாசலுக்கு இப்போது போக வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

எழுதும் வேலையிலும் தமிழுக்குக் கூடுதல் செலவு உண்டு. ஒவ்வோர் எடுத்துக்காட்டுக்கும் தமிழ் வரி, ரோமன் எழுத்தில் ஒரு வரி, சொல்லுக்குச் சொல் பொருள், பிறகு மொழிபெயர்ப்பு என்று நான்கு வரி போய்விடும். நான்கு பக்கக் குறுங்கட்டுரையில் இது மூச்சுமுட்டும், அதனால் தமிழ் எடுத்துக்காட்டுகள் நிறைய உள்ள பேப்பரை நீளக் கட்டுரையாகவே எழுதுங்கள். பேப்பரை அச்சுக்கு அமைக்கும் லேடெக் மென்பொருளுக்கு ஏசிஎல் தரும் வார்ப்புருவில், அதன் ஒரு வடிவமான லுவாலேடெக்குக்கு என்று தனிக் கோப்பு இருக்கிறது. அதில் தொடங்கினால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம்மாறாமல் இருக்கும். வழக்கமான பிடிஎஃப்லேடெக்கில் தொடங்கிவிட்டுக் கடைசி நாளில் எழுத்துருவோடு போராடாதீர்கள். கடைசி நாள் என்றதும் இன்னொன்று: இவர்கள் சொல்லும் நள்ளிரவு 11.59 உலகின் கடைசி நேர மண்டலத்துக்கு உரியது. நமக்கு அது மறுநாள் இரவு 7.59.

முதன்மை மாநாட்டில் இடம் கிடைக்காவிட்டால் பேப்பர் ‘ஃபைண்டிங்ஸ்’ என்ற துணைத் தொகுதியில் ஏற்கப்படலாம். 2020இல் ஈஎம்என்எல்பி தொடங்கிய ஏற்பாடு இது. இதைத் தோல்விபோல நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சங்கத்தின் இணையக் காப்பகமான ஏசிஎல் அந்தாலஜியில் அதுவும் எல்லாரும் இலவசமாகப் படிக்கும்படி நிலையாக இருக்கும், தேடுபவருக்குக் கிடைக்கும். ஆனால் நேரில் வழங்க வாய்ப்பு கிடைக்குமா, உங்கள் துறை பயணத்துக்குப் பணம் தருமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பேப்பரை வெளியிட இந்த மாநாடுகள் கட்டணம் வாங்குவதில்லை, ஆனால் எழுதியவர்களில் ஒருவராவது மாநாட்டுக்குப் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். பயணச் செலவும் விசாவும் தனி. சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர் வியன்னாவுக்கு விசா இல்லாமல் போகலாம். இந்தியக் கடப்பிதழில் இங்கே படிப்பவர் ஷெங்கன் விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டும். குழுவில் யார் போகப் போகிறார் என்பதையும் கணக்கில் எடுத்துத்தான் மாநாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

தரவுதான் உங்கள் புதுமை என்றால் எல்ரெக்

மொழி வளங்களுக்கும் அவற்றை மதிப்பிடுவதற்கும் என்றே உள்ள மாநாடு எல்ரெக். 1998இல் ஸ்பெயினின் கிரனாடாவில் தொடங்கியது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது. 2024இல் கோலிங் என்ற கணினி மொழியியல் மாநாட்டோடு சேர்ந்து இத்தாலியின் டூரினில் நடந்தது, 2026க்கான இடம் ஸ்பெயினின் பால்மா. இங்கே மதிப்பீட்டாளரின் முதல் கேள்வி ‘முறையில் என்ன புதுமை?’ என்பதாக இருக்காது. எத்தனை பேர் குறியிட்டார்கள், அவர்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போனது, எதில் ஒத்துப்போகவில்லை, குறியிடும் விதிகளை எழுதி வைத்திருக்கிறீர்களா, தரவை மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்த எந்த உரிமம் என்று கேட்பார்கள். நம் பெயர் அடையாளத் தரவுத்தொகுப்புக்கு இயல்பான வீடு இதுதான்.

தொகுப்பு சிறியது என்று தயங்க வேண்டாம். பல மொழிகளின் வாக்கிய அமைப்பைக் குறியிட்டுத் தொகுக்கும் யுனிவர்சல் டிபென்டன்சிஸ் திட்டத்தில் உள்ள தமிழ் ட்ரீபேங்க் (தொடரமைப்பு குறியிட்ட வாக்கியத் தொகுப்பு) ஒன்றில் 600 வாக்கியங்கள்தான். இன்றைக்கும் தமிழ்த் தொடரமைப்புப் பகுப்பாய்வை அதில்தான் பலரும் சோதிக்கிறார்கள். கவனமாகச் செய்த சிறிய தொகுப்புக்கு ஆயுள் அதிகம்.

ஆனால் சிங்கப்பூரில் தரவு வெளியிடுவதற்கு முன் சட்டத்தைப் பார்த்தாக வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். 2021இன் பதிப்புரிமைச் சட்டம், கணினிவழித் தரவுப் பகுப்பாய்வுக்காக ஒரு படைப்பைப் பிரதியெடுக்க அனுமதிக்கிறது. முறைப்படி அணுகக் கிடைத்த படைப்பாக அது இருக்க வேண்டும். பகுப்பாய்வு செய்யலாம் என்பதால் செய்தி வாக்கியங்களை அப்படியே தொகுத்து இணையத்தில் எல்லாருக்கும் இறக்கிக்கொள்ளக் கொடுக்கலாம் என்று அர்த்தமில்லை. 1935 முதல் வெளிவரும் தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் படிக்கக் கிடைக்கின்றன. படிக்கக் கிடைப்பதும் மறுவெளியீடு செய்வதும் ஒன்றல்ல. உரிமை உள்ளவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் குறிகளை மட்டும் தனிக் கோப்பாக, எந்த நாள் இதழில் எந்த வாக்கியம் என்ற சுட்டோடு வெளியிடும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களைத் திரட்டுவதாக இருந்தால் ஒவ்வொருவர் சம்மதமும் பல்கலைக்கழக நெறிக்குழுவின் அனுமதியும் வேலை தொடங்கும் முன்பே கையில் இருக்க வேண்டும். பேப்பர் எழுதிய பிறகு அனுமதி தேடிக்கொண்டிருந்தால் எல்ரெக்கில் சொல்ல ஒன்றும் இருக்காது, ஏனென்றால் அங்கே தரவைப் பகிர்வதில்தான் பேப்பரின் மதிப்பே இருக்கிறது.

ஏற்கெனவே இங்கே என்ன இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏஐ சிங்கப்பூர் அமைப்பு தென்கிழக்காசிய மொழிகளுக்காக உருவாக்கிய சீ-லயன் மாடல்கள் தமிழையும் கற்றிருக்கின்றன. அதே அமைப்பிலிருந்து வந்த ‘பாஷா’ என்ற சோதனைத் தொகுப்பிலும் தமிழ் உண்டு. தென்கிழக்காசிய மொழிகளுக்கான வேலையில் தமிழும் இடம்பெறுவது சிங்கப்பூரால் கிடைத்த பேறு, அதை விட்டுவிடாதீர்கள். உங்கள் தொகுப்பில் சீ-லயன் எப்படிச் செய்கிறது என்று ஓர் அட்டவணை சேர்த்தால், இந்தியாவில் எழுதப்படும் தமிழ்ப் பேப்பரிலிருந்து உங்களுடையது உடனே வேறுபட்டுத் தெரியும்.

எல்ரெக்கின் குறை அதன் இடைவெளி. ஒரு தவணையை விட்டால் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். அப்படி விட்டுவிட்டவர்கள் ஏஆர்ஆரில் ‘வளங்களும் மதிப்பீடும்’ என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். ஆய்வுக்கு எடுத்த மொழிகள் எவை என்று படிவத்தில் கேட்பார்கள், தமிழை மறக்காமல் குறிப்பிடுங்கள்.

பயிலரங்குகள்

திராவிட மொழிகளுக்கான திராவிடியன்லாங்டெக் பயிலரங்கு 2021இல் தொடங்கி, ஏசிஎல் போன்ற பெரிய மாநாடுகளோடு சேர்ந்து நடந்துவருகிறது. அதன் பேப்பர்களும் அந்தாலஜியில் ஏறுகின்றன. பெரிய வசதி, மதிப்பீட்டாளர்களில் தமிழ் தெரிந்தவர்கள் இருப்பார்கள். இந்திய மொழி வளங்களுக்கான வில்ட்ரே பயிலரங்கு எல்ரெக்கோடு சேர்ந்து நடப்பது. தென்கிழக்காசிய மொழிகளுக்கு 2023இல் பாலியில் ஏஏசிஎல்லோடு ஒரு பயிலரங்கு நடந்தது.

திராவிடியன்லாங்டெக்கில் பொதுப்போட்டிகள் உண்டு. ஏற்பாட்டாளர்களே தரவு தருவார்கள், நாம் மாடல் செய்து முடிவை அனுப்ப வேண்டும். வசைச்சொல் கண்டறிதல், மீம் வகைப்படுத்தல் போன்றவை வந்திருக்கின்றன. இளநிலைப் பட்டத்தின் இறுதியாண்டில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் தெரியவில்லை. காலக்கெடு நெருக்கமாக இருக்கும், தரவு தேடி அலைய வேண்டாம், ஒரு பேப்பரை முதலிலிருந்து முடிவு வரை எழுதும் பழக்கம் வரும். ஒன்றே ஒன்று சொல்வேன்: எத்தனையாவது இடம் வந்தீர்கள் என்பதைப் பேப்பரின் மையமாக வைக்காதீர்கள். மாடல் தவறிய வாக்கியங்களை உட்கார்ந்து படித்து, வகைப்படுத்தி எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டச்சும்போது வரும் குழப்பம், ‘லா’ போட்டு முடியும் நம் ஊர்ப் பேச்சு எல்லாம் அந்தப் பகுதியில்தான் வெளிவரும். அடுத்த ஆண்டு அந்தப் பேப்பரை யாராவது தேடிப் படித்தால் அந்தப் பகுதிக்காகத்தான் படிப்பார்கள்.

இதழ்களைப் பற்றி ஒரு வரி: ஏசிஎல் சங்கத்தின் இதழான டிஏசிஎல்லும் ஆசிய மொழிகளுக்கான டாலிப்பும் நல்ல இடங்கள்தான், ஆனால் அவை வளர்ந்து முடிந்த ஆய்வுக்கு. முதல் பேப்பருக்கு வேண்டாம்.

தமிழ் இணைய மாநாடு

மேலே சொன்ன எல்லா இடங்களிலும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். தமிழிலேயே எழுதி, தமிழிலேயே வழங்கி, தமிழிலேயே கேள்வி வாங்கும் இடம், உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் நடத்தும் தமிழ் இணைய மாநாடு. அது தொடங்கியதே சிங்கப்பூரில்தான். 1997இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் நடந்த தமிழ்நெட் 97க்கு முன்னின்று உழைத்தவர் நம் ஊர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. 2000இல் மறுபடியும் இங்கே கூடியபோதுதான் உத்தமம் என்ற அமைப்பு உருவானது. 2004இலும் 2015இலும் மாநாடு சிங்கப்பூருக்கு வந்தது. இந்த வரலாறு உள்ள ஊரிலிருந்து தமிழில் கட்டுரை எழுத ஆள் குறைந்துவருவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

குறைகளை மறைக்கத் தேவையில்லை. இதன் கட்டுரைகள் ஏசிஎல் அந்தாலஜியில் இல்லை, அதனால் உலக ஆய்வாளர்கள் கண்ணில் படுவது கடினம். முனைவர் பட்டத்துக்கான கணக்கில் பல துறைகள் இதைச் சேர்ப்பதில்லை. பெரும்பாலும் சுருக்கத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகுதான் முழுக் கட்டுரை கேட்பார்கள், அதனால் ஏஆர்ஆரில் கிடைப்பதுபோல் வரிவரியான மதிப்பீடு கிடைக்காது.

ஆனால் அங்கே அரங்கில் இருப்பவர்களைப் பாருங்கள். எழுத்துரு செய்தவர்கள், விசைப்பலகை செய்தவர்கள், தமிழாசிரியர்கள், அகராதி வேலையில் இருப்பவர்கள். நம் பெயர் அடையாள ஆய்வை அவர்கள் முன் வைத்தால் ‘தெம்பனிஸிலிருந்து என்ற சொல்லில் வேற்றுமை உருபையும் சேர்த்துப் பெயர் என்று குறியிட்டீர்களா, பிரித்தீர்களா? சந்தியில் எழுத்து மாறும்போது என்ன செய்தீர்கள்? ஜூரோங் என்பதை ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறார்களே, எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துக்கொண்டீர்களா?’ என்று கேட்பார்கள். தரவுத்தொகுப்பின் தரத்தைத் தீர்மானிக்கும் கேள்விகள் இவை. எட்டுப் பக்க ஆங்கிலப் பேப்பரைப் படித்த மூன்று மதிப்பீட்டாளர்களும் இவற்றைக் கேட்காமல் விட்டுவிட வாய்ப்பு உண்டு. இந்தக் கேள்விகளுக்குத் தமிழில் பதில் எழுதும்போதுதான் இந்தத் துறைக்கான தமிழ்ச் சொற்களும் புழக்கத்துக்கு வருகின்றன.

ஆங்கிலப் பேப்பரையே தமிழில் பெயர்த்து இங்கே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. மொழி மாறினாலும் ஆய்வு ஒன்றுதான். ஏஆர்ஆரில் மதிப்பீட்டில் இருக்கும் வேலையை அதே நேரத்தில் வேறு எங்கும் அனுப்பக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. பங்கைப் பிரித்துக்கொள்ளுங்கள். குறியிடும் விதிகள் எப்படி உருவாயின, தமிழ் இலக்கணம் எங்கே கைகொடுத்தது, எங்கே கைவிட்டது, பள்ளியில் இதை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதெல்லாம் தமிழ்க் கட்டுரை. தரவின் அளவு, குறியிட்டவர்களுக்குள் இருந்த ஒத்திசைவின் எண்கள், மாடல்களின் மதிப்பெண்கள் ஆங்கிலப் பேப்பர். இரண்டிலும் மற்றதைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஆங்கிலப் பேப்பர் மதிப்பீட்டில் இருக்கும்வரை, எழுதியவர் அடையாளம் வெளிப்படாத முறையில் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் யாருக்கு எது?

முனைவர் பட்ட மாணவர் என்றால் மேற்பார்வையாளரின் கணக்கு முக்கியம், அதை மறுத்துப் பயனில்லை. ஏஆர்ஆருக்குப் போங்கள், ஆனால் இரு நாட்டு வழக்குகளை ஒப்பிடும் சோதனைகள் முடிந்த பிறகு போங்கள். அதற்கு முன்பே தரவு தயாராகிவிட்டால், எல்ரெக் தவணை நெருங்குகிறதா என்று பார்த்து அங்கே முதலில் வெளியிட்டுவிடுங்கள். அடுத்த பேப்பருக்கு அதுவே அடித்தளம். இளநிலை மாணவருக்குப் பொதுப்போட்டி. தொழிற்துறையில் மாடல் செய்துகொண்டிருக்கும் பொறியாளருக்குப் பட்டக் கணக்கு இல்லை, நேரம்தான் இல்லை, அவருக்குத் தென்கிழக்காசியப் பயிலரங்கு போன்ற இடம் பொருந்தும்.

பள்ளியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் பலர், மாணவர்கள் எழுதிய கட்டுரைகளில் வரும் பிழைகளை ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்திருக்கிறார்கள். தங்களிடம் இருப்பது ஆய்வுத் தரவு என்று அவர்கள் நினைப்பதே இல்லை. எழுத்துப்பிழை திருத்தி செய்பவர்களுக்கு அதைவிட மதிப்புள்ள பொருள் சிங்கப்பூரில் வேறு இல்லை. அவர்களுக்கு நான் சொல்வது: பள்ளியின் அனுமதியும் பெற்றோர் சம்மதமும் வாங்குங்கள், மாணவர் பெயர்களை நீக்குங்கள், பிழைகளை வகைப்படுத்தி ஒரு பக்கச் சுருக்கம் தமிழில் எழுதித் தமிழ் இணைய மாநாட்டின் அடுத்த அறிவிப்பு வந்ததும் அனுப்புங்கள். அரங்கில் உங்களோடு பேச வரும் கணினிக்காரர்களில் ஒருவரைப் பிடித்து, அதே தரவை வைத்து எல்ரெக்குக்கு ஆங்கிலப் பேப்பர் ஒன்றைச் சேர்ந்து எழுதலாமா என்று கேளுங்கள்.